சீவாத பென்சிலும் அறுத்த மூலையும்: பிரிசம் என்ற சொல் வந்த வழி

புதுப் பென்சில் ஒன்றைச் சீவுவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரே அளவுள்ள அறுகோணம். நீளவாக்கில் ஆறு தட்டைப் பக்கங்கள். நடுவில் எந்த இடத்தில் குறுக்கே அறுத்தாலும் அதே அறுகோணம்தான் கிடைக்கும். கணிதத்தில் பிரிசம் என்பது இதுதான். துருவியில் விட்டு நாலு சுற்றுச் சுற்றி ஒரு முனை கூம்பிவிட்டால் அந்த முனைக்குப் பிரிசம் என்ற பெயர் பொருந்தாது.

பிரிசம் என்றதும் நமக்குக் கண்ணாடித் துண்டும் வானவில்லும் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சொல் பிறந்தபோது நிறத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது ஒரு வடிவத்தின் பெயர். இதை மறந்துவிடுவதால்தான் பிரிசம் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. கடையில் தவறான கண்ணாடி வாங்கி வந்து வானவில் வரவில்லை என்று வருந்துவது வரைக்கும் இந்தக் குழப்பம் நீள்கிறது.

கிரேக்கத்தில் ‘பிரிஸைன்’ என்றால் ரம்பத்தால் அறுப்பது. அதிலிருந்து வந்த ‘பிரிஸ்மா’ என்பதற்கு ‘அறுக்கப்பட்டது’ என்று பொருள். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தம் வடிவியல் நூலின் 11ஆம் பகுதியில் இந்தச் சொல்லுக்கு இலக்கணம் சொல்கிறார். எதிரெதிரே உள்ள இரண்டு முகங்கள் சமமாகவும் ஒரே வடிவாகவும் இணையாகவும் இருக்க வேண்டும். மற்ற முகங்களெல்லாம் இணைகரங்களாக இருக்க வேண்டும். மரத்தச்சர் ஒரு நீளச் சதுரக் கட்டையை இரண்டு இடத்தில் இணையாக ரம்பம் போட்டு அறுத்தால் கையில் மிஞ்சும் நடுத்துண்டுக்கு இந்த இலக்கணம் அப்படியே பொருந்தும். லத்தீன் வழியாகச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. 1570இல் ஹென்றி பில்லிங்ஸ்லி யூக்ளிடை முதன்முதலாக ஆங்கிலத்தில் முழுமையாகக் கொண்டுவந்தார்; அந்தக் காலத்தில்தான் அது வடிவியல் சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்தது. ஒளியியலில் முக்கோணக் கண்ணாடிக்கு அந்தப் பெயர் வந்தது அதற்கும் பிறகு, 1610களில்.

வகுப்பறையில் சிலர் ‘ஒளியைப் பிரிப்பதால் பிரிசம்’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். நினைவில் நிற்க உதவும், ஆனால் சொல்லின் வரலாறு அது இல்லை. தமிழின் ‘பிரி’யும் கிரேக்கத்தின் ‘பிரி’யும் ஒலியில் ஒத்துப்போவது தற்செயல்.

தமிழில் இதற்கு இரண்டு நல்ல சொற்கள் உண்டு. இரண்டும் ஒரே பொருளை இரண்டு கோணத்தில் பார்க்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பட்டகம். கண்ணாடித் துண்டுக்கு முப்பட்டகம். இலங்கைப் பாடநூல்களில் அரியம். அரிவாள், அரிவாள்மணை, மரம் அரிதல் என்பவற்றில் உள்ள அதே ‘அரி’யை இதில் காணலாம். கிரேக்கச் சொல்லின் ‘அறுத்த துண்டு’ என்ற பொருளோடு இது அச்சாகப் பொருந்தி நிற்கிறது. என் பார்வையில் கலைச்சொல்லாக்கத்தின் மிக நேர்த்தியான விளைச்சல்களில் இதுவும் ஒன்று.

பட்டகம் என்பது அறுத்த செயலைச் சொல்லாமல் அறுத்தபின் தெரியும் பக்கத்தைச் சொல்கிறது. பட்டை தீட்டிய வைரம் என்கிறோமே, அந்தப் பட்டை. கல்தச்சர்களுக்கு இது அன்றாடச் சொல். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரையின் தூண்களைப் பாருங்கள்: அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் ‘கட்டு’, மேலே மறுபடியும் சதுரம். கணிதக் கண்ணோடு பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் மூன்று பட்டகங்கள். சிவலிங்கத்தில் ஆவுடைக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி நாற்பட்டை, நடுப்பகுதி எண்பட்டை. மேலே தெரியும் உருண்டைப் பகுதியைப் பட்டகம் என்று சொல்ல முடியாது, அதற்குப் பட்டையே இல்லை. ஆக, ‘முப்பட்டகம்’ என்பதில் உள்ள ‘முப்’ வெறும் அலங்காரம் இல்லை. செங்கல் நாற்பட்டகம். இருபுறம் சரிந்த ஓட்டுக்கூரையின் உள்வெளி, படுக்க வைத்த முப்பட்டகம். ஒளியியலில் மூன்று பட்டை உள்ளதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவதால் இரண்டு சொல்லும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

வடிவமாக இதன் பெருமை என்ன? எந்தப் பட்டகத்தின் கன அளவும் அடிப்பரப்பைச் செங்குத்து உயரத்தால் பெருக்கினால் வந்துவிடும். பட்டகம் சாய்ந்திருந்தாலும் இதேதான். சரிவாக உள்ள விளிம்பின் நீளத்தைப் போட்டுவிடுவதுதான் தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. யூக்ளிட் 12ஆம் பகுதியில் இன்னொன்றைக் காட்டுகிறார்: முக்கோண அடி கொண்ட எந்தப் பட்டகத்தையும் கன அளவில் சமமான மூன்று பிரமிடுகளாக வெட்டலாம். பிரமிடுக்கும் கூம்புக்கும் நாம் போடும் ‘மூன்றில் ஒரு பங்கு’ இங்கிருந்துதான் வருகிறது. ஒரு சேனைக்கிழங்குத் துண்டை முப்பட்டகமாகச் செதுக்கிக் கத்தியால் இரண்டே வெட்டில் இதைச் செய்து பார்க்கலாம். மேல் முக்கோணத்தின் ஒரு முனையிலிருந்து கீழ் முக்கோணத்தின் எதிர்ப்பக்க விளிம்பு வரை முதல் வெட்டு. ஒரு பிரமிடு கழன்று வரும். மிச்சமிருக்கும் துண்டு நாற்கர அடி கொண்ட பிரமிடு. அந்த அடியின் மூலைவிட்டம் வழியாகவும் அதே முனை வழியாகவும் இரண்டாவது வெட்டு. மூன்று துண்டும் பார்க்க வேறு வேறு வடிவமாக இருக்கும், எடை மட்டும் ஒத்துப்போகும்.

இனி நிறம். முனை வைத்த கண்ணாடியில் வானவில் நிறம் தெரிவது ரோமானியர் காலத்திலேயே தெரிந்த செய்தி. கண்ணாடி வெள்ளொளியை ஏதோ செய்து கறைப்படுத்துகிறது, அதனால் நிறம் பிறக்கிறது என்பதுதான் நெடுங்காலம் பலரின் நம்பிக்கை. நியூட்டன் 1666இல் ஒரு முப்பட்டகத்தை வாங்கினார். அவர் என்ன செய்தார் என்பது 1672இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அளவுகளோடு இருக்கிறது. அந்த அளவுகளில்தான் முழு வாதமும் அடங்கியிருக்கிறது.

சன்னல் கதவில் கால் அங்குலத் துளை. இருட்டறை. துளையருகே பட்டகம்; அதன் கோணம் 63 டிகிரிக்குச் சற்று மேல். எதிர்ச்சுவர் 22 அடி தள்ளி. சுவரில் விழுந்த நிறப்பட்டையின் அகலம் 2⅝ அங்குலம், நீளம் 13¼ அங்குலம். அகலத்தைத் தூரத்தால் வகுத்துப் பார்த்தால் அரை டிகிரிக்குச் சற்று மேலே வருகிறது. வானில் சூரிய வட்டத்தின் அகலமும் ஏறத்தாழ அரை டிகிரிதான்; துளையின் அளவையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். அப்போது அறிந்திருந்த ஒளிவிலகல் விதிப்படி, அவர் பட்டகத்தை வைத்திருந்த நிலையில் நீளமும் அதே அளவு இருந்திருக்க வேண்டும், பிம்பம் வட்டமாக விழுந்திருக்க வேண்டும். விழுந்ததோ ஐந்து மடங்கு நீண்ட பட்டை. ஒரே கோணத்தில் உள்ளே போன ஒளியின் பகுதிகள் வெவ்வேறு அளவில் வளைந்திருந்தால் தவிர இது நடக்காது.

22 அடி என்ற தூரத்தை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். பட்டகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தாளைப் பிடித்தால் நடுவில் வெள்ளையும் ஓரங்களில் மட்டும் ஒருபுறம் சிவப்பு மஞ்சளும் மறுபுறம் நீலமும் தெரியும். சூரியனே அரை டிகிரி அகலம் உள்ளது, துளையும் அகலமானது. அருகில் எல்லா நிறமும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். தள்ளிப்போனால்தான் விலகும். அடுத்து, பிரிந்த நிறத்தில் ஒன்றை மட்டும் பலகைத் துளை வழியே விட்டு இரண்டாவது பட்டகத்தில் விழச் செய்தார். அது வளைந்தது; நிறம் மாறவில்லை. பட்டகம் நிறத்தை உண்டாக்குவதாக இருந்தால் இரண்டாவது முறையும் உண்டாக்கியிருக்க வேண்டும் அல்லவா? நிறங்கள் ஒளியிலேயே இருந்தன, பட்டகம் அவற்றை வரிசைப்படுத்திக் காட்டியது என்ற முடிவு இப்படித்தான் வந்தது. அந்தப் பட்டைக்கு நியூட்டன் இட்ட பெயர் ஸ்பெக்ட்ரம்; லத்தீனில் அதற்குத் ‘தோற்றம்’ என்று பொருள். நிறமாலை என்று தமிழில் சொல்கிறோம். நம் சொல் அழகு.

உருவகமாக இந்தச் சொல்லைக் கையாளுகிறவர்கள் இந்த இரண்டாவது பட்டகத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ‘சாதி என்ற முப்பட்டகம் வழியே பார்த்தால்’ என்று மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அங்கே சொல்ல வந்தது வண்ணக்கண்ணாடியை. அதாவது பார்ப்பதன்மேல் நம் சாயத்தை ஏற்றுவதை. சில இடத்தில் பூதக்கண்ணாடியை, சிறியதைப் பெரிதாக்குவதை. பட்டகம் சாயமும் ஏற்றாது, பெரிதாக்கவும் செய்யாது. ஒன்றெனத் தெரிவதற்குள் கலந்திருப்பவற்றைத் தனித்தனியே காட்டும். அந்தப் பொருள் வேண்டும்போது மட்டும் அந்தச் சொல்லை எடுக்கலாம். நிறப்பிரிகை என்ற பெயரில் 1990களில் தமிழில் ஒரு சிற்றிதழ் வந்தது. உருவகம் துல்லியமாக அமைந்த பெயர் அது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. 60 டிகிரிக் கோணமுள்ள பட்டகத்தைத்தான் வாங்க வேண்டும். சாதாரணக் கிரௌன் கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான அளவு, 1.517. அதனுள்ளிருந்து ஒளி, முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 41 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியே வராது, உள்ளேயே முழுமையாக எதிரொளித்துவிடும். இதனால் 60 டிகிரிப் பட்டகத்திலேயே, முகத்துக்குக் கிட்டத்தட்ட நேராக ஒளியை விட்டால் மறுபக்கம் எதுவும் வராது. படுகோணம், அதாவது உள்ளே நுழையும் ஒளி அதே செங்குத்துக் கோட்டிலிருந்து சாயும் கோணம், சுமார் 29 டிகிரியைத் தாண்ட வேண்டும். செங்கோணப் பட்டகத்தின் 90 டிகிரி முனை வழியே எப்படித் திருப்பினாலும் ஒளி கடந்து போகாது; அதன் 45 டிகிரி முனைகளை மட்டுமே பயன்படுத்தலாம். வானவில் வராத பட்டகம் பெரும்பாலும் இந்த வகைதான்.

அட்டையில் 2 மி.மீ. பிளவு, அதன் பின்னால் பட்டகம், சுவர் 3 மீட்டர் தள்ளி. கிரௌன் கண்ணாடியில் அடர் சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே விரிவு சுமார் ஒன்றரை டிகிரி. 3 மீட்டரில் அது 8 செ.மீ. சூரியனின் அகலமே அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 3 செ.மீ. அழித்துவிடும் என்பதால் பிளவை இன்னும் அகலமாக்கக் கூடாது. பிளவின் நீளம் பட்டகத்தின் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும், குறுக்கே வைத்தால் நிறங்கள் ஒன்றாகக் குழம்பும். ஃபிளின்ட் என்ற கனமான கண்ணாடி வகை கிடைத்தால் விரிவு இரண்டு மடங்குக்கும் மேல்.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் வரும் நிறமாலைமானிச் சோதனை இதையே அளவாக்குகிறது. தொலைநோக்கியைத் தூரத்து மரத்துக்கோ கட்டடத்துக்கோ குவியப்படுத்திவிட்டு அதன்பின் அந்தத் திருகைத் தொடக் கூடாது; பிறகு பிளவு கூர்மையாகத் தெரியும்வரை, பிளவின் ஒளியை இணைகதிராக்கும் குழாயான இணையாக்கியை மட்டும் சரிசெய்ய வேண்டும். பட்டகக் கோணம் காண, முனையை இணையாக்கியை நோக்கி வைத்து இரண்டு முகத்திலும் எதிரொளிக்கும் பிம்பங்களின் அளவீட்டை எடுக்கிறோம். முனை மேடையின் நடுவுக்கு அருகில் இருக்க வேண்டும்; ஓரத்தில் வைத்தால் எதிரொளித்த கதிர் தொலைநோக்கிக்குள் நுழையாது. வரும் வேறுபாடு 120 டிகிரிக்கு அருகில் இருக்கும். அதில் பாதிதான் பட்டகக் கோணம்.

அடுத்து சிறும விலகு கோணம், அதாவது ஒளி தன் நேர்வழியிலிருந்து விலகும் கோணங்களில் மிகச் சிறியது. மேடையை ஒரே திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே பிம்பத்தைத் தொடருங்கள். அது நேர்க்கதிரை நோக்கி நகர்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். இன்னும் திருப்பினால் வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்பும் இடம்தான் வேண்டியது. முதலில் வெறுங்கண்ணால் பிம்பத்தைப் பிடித்துவிட்டு அப்புறம் தொலைநோக்கியைக் கொண்டுவந்தால் பாதி நேரம் மிச்சம். பட்டகக் கோணம் 60 டிகிரி, சிறும விலகு கோணம் 38 டிகிரி 40 நிமிடம் என்று வந்ததாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 49 டிகிரி 20 நிமிடம். அதன் சைன் 0.7585. அதை 30 டிகிரியின் சைனான 0.5ஆல் வகுத்தால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.517. திரும்பும் இடத்தைத் தவறவிட்டால் கோணம் எப்போதும் கூடுதலாகவே வரும், குறைவாக வரவே வராது. ஒரு டிகிரி பிழைத்தால் விடையில் 0.011 கூடும். விடை பொருந்தாமல் வந்தால், கோண அளவுகோலான வெர்னியர் சுழியைத் தாண்டியதா என்றும் பாருங்கள்: ஒரு அளவீடு 352 டிகிரி 10 நிமிடம், மற்றது 30 டிகிரி 50 நிமிடம் என்றால், சிறியதோடு 360ஐக் கூட்டிய பிறகே கழிக்க வேண்டும். பட்டகத்தைச் சொரசொரப்பான பக்கத்தையும் இரண்டு முக்கோண முனைகளையும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். முகத்தில் கைரேகை பட்டால் பிம்பம் மங்கும்.

இந்த எளிய கருவியின் வழியாகத்தான் வானத்தின் வேதியியல் திறந்தது. 1814இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளை அளந்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து நிறமாலைக் கருவியோடு பார்த்தார் பிரான்சின் ஜான்சன். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போய்ப் பார்த்தார். அவ்வாண்டு சூரிய நிறமாலையில் கண்ட ஒரு மஞ்சள் கோடுதான் பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தைக் காட்டியது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928 பிப்ரவரி 28 அன்று, கையில் வைத்துப் பார்க்கும் நேர்நோக்கு நிறமாலைநோக்கியில்தான் சிதறிய ஒளியில் புதிய நிறம் தனித்து நிற்பதைக் கண்டார்.

நிறத்தைப் பிரிக்கவே கூடாத இடத்திலும் பட்டகம் வேலை செய்கிறது. பார்க்கப்போனால் இன்று அதிகமாக விற்பது அந்த வகைதான். பைனாகுலரின் ஒவ்வொரு குழலிலும் இரண்டு செங்கோணப் பட்டகங்கள் நான்கு முறை ஒளியை எதிரொளித்துத் தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்துகின்றன. இது இத்தாலியின் போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. வாங்கும்போது கருவியை ஓரடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கிக் கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் பட்டகக் கண்ணாடி உயர்ந்த ஒளிவிலகல் எண் கொண்டது. ஓரங்கள் சாம்பல் பூத்துச் சதுரமாகத் தெரிந்தால் மலிவான கண்ணாடி. சாய்ந்து வரும் ஓரக் கதிர்கள் முழுமையாக எதிரொளிக்காமல் கசிகின்றன.

மூக்குக்கண்ணாடிச் சீட்டில் சிறு முக்கோணக் குறியோடு ஓர் எண் இருந்தால் அதுவும் பிரிசம்தான். ஒரு பிரிசம் டயாப்டர் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு செ.மீ. விலக்கும் அளவு. மாறுகண், இரட்டையாகத் தெரிதல் போன்றவற்றுக்கு எழுதுவார்கள். எண்ணோடு தடித்த பக்கம் எந்தத் திசையில் என்பதும் இருக்க வேண்டும். கண் உள்நோக்கித் திரும்பியவருக்குத் தடித்த பக்கம் வெளிப்புறமாக வரும். 6 வேண்டுமானால் இரண்டு கண்ணுக்கும் 3, 3 எனப் பகிர்ந்து தருவது வழக்கம். ஒரே வில்லை தடித்துப் போகாது. இன்னொன்று, யாரும் எழுதிக் கொடுக்காமலே பிரிசம் வந்து சேரும் வழி: வில்லையின் மையம் கண்மணிக்கு நேராக இல்லாமல் போவது. விலகலைச் செ.மீ. கணக்கில் எடுத்துப் பவரால் பெருக்கினால் போதும். பவர் 5, மையம் 4 மி.மீ. தள்ளியிருக்கிறது என்றால் 2 டயாப்டர் பிரிசம். பவர் சரியாக இருந்தும் புதுக்கண்ணாடி போட்டதும் தலைவலி விடாமல் இருந்தால் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

நில அளவையில் ‘பிரிசம் பிடி’ என்று சொல்லும்போது கம்பத்தின் உச்சியில் இருக்கும் வட்டக் கண்ணாடியைச் சொல்கிறார்கள். தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவி அனுப்பும் கதிர் சற்றுச் சாய்ந்து வந்தாலும் மூன்று முகத்தில் பட்டு வந்த திசைக்கே திரும்பும். கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போவதால் தூரம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். அதற்குத்தான் பிரிசம் மாறிலி. பல பிரிசங்களுக்கு அது கழித்தல் 30 மி.மீ., சிலவற்றுக்குச் சுழி. கருவியில் தவறாக இட்டால் 10 மீட்டருக்கும் 500 மீட்டருக்கும் ஒரே 30 மி.மீ. பிழை. ஐயம் வந்தால் ஒரே கோட்டில் மூன்று புள்ளி வையுங்கள். இரண்டு சிறு தூரங்களின் கூட்டலிலிருந்து முழுத் தூரத்தைக் கழித்தால் சுழி வர வேண்டும். 30 மி.மீ. வந்தால் பிழை மாறிலியில் இருக்கிறது.

இந்தக் கண்ணாடி யூக்ளிடின் இலக்கணப்படி பட்டகமே இல்லை. இணையான இரண்டு முகம் அதில் கிடையாது. ஒரு கனச்சதுரத்தின் மூலையை ரம்பத்தால் குறுக்கே அறுத்து எடுத்தால் வரும் துண்டு அது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பலகையில் இப்படி 100 துண்டுகள் உள்ளன. இங்கிருந்து அனுப்பும் லேசர் ஒளி அவற்றில் பட்டு இரண்டரை நொடியில் இன்றும் திரும்பி வருகிறது.